அத்தியாயம் 14: படகு ஏறாமல் ஒரு தீவு

"நடுக்கடல் எப்படி இருக்கும்?"

"தண்ணியா இருக்கும்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? வேற என்ன இருக்கும்?"

"வேறயும் தண்ணிதான். நீ லைட்ட அணை. வெளுப்பாங்காலம் கடலுக்கு எழும்பணும்."

கல்யாணமான புதிதில் கபிரியேலுக்கும் செசிலிக்கும் இடையே நடந்த பேச்சு இது. சண்டையில்லை, கோபமில்லை. கபிரியேல் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். கடலில் தண்ணீரை விட்டால் மீன் இருக்கிறது. மீன் என்பது வேலை. வேலையைப் பற்றிப் படுக்கையில் பேசுவானேன்?

செசிலி அதன்பிறகு கேட்கவில்லை. கேட்காமலே இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஒருத்தியைக் கட்டிக்கொடுத்து, ஒருவனை தோஹாவுக்கு அனுப்பியும்விட்டாள். வருகிற ஜனவரியில் அவர்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம்.

அதற்காகத்தான் இந்தப் பயணம். போன வாரம் வீடு எப்படிப் பிரிந்து நின்றது என்று சொல்லியிருந்தேன். தோஹாவிலிருந்து ஜெஃப்ரின் பாலித்தீவு என்றான். நாகர்கோவில் கல்லூரியில் வணிகவியல் நடத்தும் மகள் பிரிஜா மொரீஷியஸ் என்றாள். கபிரியேல் வேளாங்கண்ணி என்றார். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு செசிலி, "அந்தமான்" என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்க வேண்டாம் என்பதால் அத்தனை பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, புட்டும் பயறும் தின்றுவிட்டு, குளச்சலிலிருந்து பஸ் ஏறினார்கள். கபிரியேல் வெள்ளை வேட்டி, கல்யாண வீட்டுச் சட்டை. செசிலி பூசைக்குக் கட்டும் நீலச் சேலை. பிரிஜா நாகர்கோவிலில் பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றாள்.

"என்னம்மா, இன்னைக்கே பிளேன் ஏறுறது மாதிரி வந்திருக்கிய?"

"ஆப்பீசுக்குப் போறோம்லா" என்றாள் செசிலி. "கொள்ளாத சேலைய உடுத்திட்டா போக முடியும்?"

முருகதாஸின் டிராவல்ஸ் மணிமேடைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்தது. நாற்பது வயது மனிதர். நெற்றியில் சந்தனம். அவருடைய மாமா மகன் போர்ட் பிளேரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பதால் அந்தமான் விஷயத்தில் அவரை யாரும் மடக்க முடியாது என்பது அவருடைய நம்பிக்கை.

கம்ப்யூட்டர் திரையை மூவரும் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"முதல் ரெண்டு நாள் போர்ட் பிளேர். ஜெயிலு, மியூசியம். மூணாவது நாள் காலம்பற ஹேவ்லாக் தீவு. அப்புறம் நீல் தீவு. டிக்கெட்ட சாயங்காலம் வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி. நாலு பேரு பேரையும் இன்னைக்கே குடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள் செசிலி.

"யாருன்னா?"

"ஆளுவ. எந்த ஊரு ஆளுவ?"

முருகதாஸிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. வருகிறவர்கள் ஏசி உண்டா, காலைச் சாப்பாடு அதிலேயே சேர்ந்ததா என்றுதான் கேட்பார்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லா கேட்டீங்கம்மா. ஹேவ்லாக்கும் நீலும் கூடுதல் வங்காளி. நாடு பிரிஞ்சப்ப வந்தவங்க. போர்ட் பிளேர்ல நம்ம ஆளு நெறைய. தெலுங்காளு உண்டு. மலையாளத்து மாப்பிளமாரு உண்டு. காடு வெட்டுறதுக்குன்னு ராஞ்சிலேருந்து கொண்டாந்தவங்க உண்டு. வடக்க மாயாபந்தர் போனா, பர்மாவுலேருந்து வந்த கரேன் ஆளுங்க. எல்லாரும் ஒரு எடத்துல கூடினா இந்தி."

"அந்தக் கரேன் ஆளுவ எந்தக் கோயிலுக்குப் போவாவ?"

"வேதக்காரங்கதாம்மா. பலகையில சர்ச் கெட்டி வச்சிருப்பாங்க."

"நம்மள மாதிரி பூசையா, இல்ல வெறும் ஜெபமா?"

"அது தெரியாதும்மா. நான் சுசீந்திரம் போற ஆளு."

பிரிஜா சிரித்தாள். செசிலி சிரிக்கவில்லை. அவள் வேலையாக இருந்தாள்.

"மீன்கறி எப்படி வைப்பாவ?"

"வங்காளின்னா கடுகு அரைச்சு வைப்பான்."

"மீனுல கடுகையா?" கபிரியேல் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அந்த மீனு அவனுக்கு என்ன பாவம் செய்துது?"

"அப்பா, அது அவங்க ருசி."

"ருசியாக்கும். தேங்காய் கிட்டாத ஊரா அது?"

"தேங்காய்க்குப் பஞ்சமே இல்ல அண்ணாச்சி."

"பின்ன எதுக்கு கடுகு?"

கபிரியேல் திரையை நெருங்கிப் பார்த்தார். நீல நிறத்தில் கடலும், நடுவே பச்சைத் துண்டுகளும் கிடந்தன. அவருடைய சுட்டுவிரல் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குப் போயிற்று.

"இது எதுல போறது?"

"கப்பல்ல. ஏசி கப்பல். ரெண்டு மணி நேரம் கூட ஆகாது."

"கொள்ளாம்" என்றார் கபிரியேல். "அப்போ நானும் ஜெஃப்ரினும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுகோம். பிரிஜாவும் வரட்டு. இவ லாட்ஜுல இருக்கட்டு."

"யாரு லாட்ஜுல இருக்கட்டு?" என்றாள் பிரிஜா.

"அம்மா."

"யப்பா, அம்மாவுக்காகத்தான் இந்த டூரே!"

"அதுக்குத்தான் பிளேன்ல கூட்டிட்டுப் போறோம்லா. ஏசி ரூமு. நல்ல சாப்பாடு. ஜன்னலத் தொறந்தா கடல் தெரியும்னு இவரே சொல்லுகாரு."

கபிரியேல் கேலி செய்யவில்லை என்பது முருகதாஸுக்கு உடனே புரிந்துவிட்டது. பிரிஜாவுக்கோ அது பழைய விஷயம். அவள்தான் விளக்கினாள். கடலில் தொழில் செய்கிறவன் பெண்டாட்டி படகில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அவன் கடலில் முங்கிப்போவான். விசைப்படகு, வள்ளம், கட்டுமரம், உல்லாசப் படகு, எல்லாம் ஒரே கணக்குத்தான். கபிரியேலின் அம்மா சொல்லிவைத்தது. ஊரில் இப்போது பலபேர் விட்டுவிட்டார்கள். கபிரியேல் விடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த செசிலி, இன்றுவரை விவேகானந்தர் பாறைக்குப் போனதில்லை.

"அப்போ நான் மட்டும் எப்படி வரலாம்? எனக்கும்தான் கல்யாணம் ஆயாச்சு" என்றாள் பிரிஜா.

"உன் மாப்பிள்ளை விபின் பேங்குல இருக்கான். அவனுக்கு முங்குறதுக்கு என்ன இருக்கு?"

"பக்கத்து வீட்டு ஷிஜி கல்யாணமான மறுவாரமே பாறைக்குப் போனா. அவ மாப்பிள்ளை இன்னைக்கும் கடலுக்குப் போறான். முழுசாத்தான் இருக்கான்."

"அவன் கரைமடி இழுக்கவன். முட்டளவு தண்ணி. அதுல முங்கணும்னா படுத்துத்தான் முங்கணும்."

"நீங்களே கடலுக்குப் போறத நிறுத்தி மூணு வருசம் ஆச்சேப்பா!"

"நான் நிறுத்தினேன். கடல் நிறுத்திச்சா?"

முருகதாஸ் வியாபாரி. வாடிக்கையாளரின் நம்பிக்கையோடு சண்டைக்குப் போகிறவர் அல்ல. விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. படகே ஏறாம ஒரு பிளான் போட்டுருவோம். ஹேவ்லாக் வேண்டாம். நீல் வேண்டாம். ராஸ் தீவு பக்கத்துலதான் இருக்கு, ஆனா அதுக்கும் போட்டுதான். அதுவும் வேண்டாம். மாயாபந்தருக்கு ரோடு உண்டு..." அங்கே நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். "நடுவுல கடல்கழி வரும். பஸ்ஸ ஜங்கார்ல ஏத்தி, மிதக்க விட்டுத்தான் அக்கரை சேப்பான்."

"பஸ்ஸுக்குள்ளயே இருந்தா?" என்றாள் பிரிஜா. கிண்டலாகத்தான் கேட்டாள்.

கபிரியேல் அதை உண்மையாகவே யோசித்தார். "பஸ்ஸு ஜங்கார் மேலதானே நிக்கும்?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ வேண்டாம்."

கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ஜெயில், மியூசியம், சிடியா டாப்பு என்ற இடத்தில் சூரியன் மறைவது.

"சூரியன் மறையுறதப் பாக்க இஞ்ச இருந்து அந்தமானுக்குப் போகணுமா?" என்றாள் பிரிஜா. "கன்னியாகுமரில அத பாக்கத்தான் லோகமே வருது. அம்மா அஞ்சு நாளும் ஜெயில்லயா கிடப்பா?"

"ராத்திரி ஜெயில்ல ஒளியும் ஒலியும் காட்டுவாங்க" என்று முருகதாஸ் மெல்லச் சொன்னார்.

"போட்டு இல்லேன்னா எனக்கு வேண்டாம்."

சொன்னது செசிலி. சத்தமாகச் சொல்லவில்லை. கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

"என்னது?" என்றார் கபிரியேல்.

"அந்தமான்னு நான் சொன்னதே அதுக்குத்தான். தீவுக்கும் தீவுக்கும் இடையில போட்டுலதான் போகணும்னு ஷிஜி வீட்டு டிவில காட்டினாவ. போட்டு இல்லேன்னா வேளாங்கண்ணிக்கே போவோம். மாதாவாவது கிட்டும்."

கபிரியேல் மனைவியைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகதாஸ் தண்ணீர் பாட்டிலை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். யாரும் வாங்காததால் தானே குடித்தார். பிறகு, தொழிலில் நெடுநாள் இருந்தவர்களுக்கு வரும் ஒரு நிதானத்தோடு சொன்னார்:

"அண்ணாச்சி, ஒரு சோதனை பாருங்க. இன்னும் நேரம் இருக்கு. நேரா கன்னியாகுமரி போங்க. பாறைக்குப் போட்டு விடுறான். இந்தா இருக்க தூரம். அம்மா ஏறினா எனக்கு ஒரு போன் அடிங்க, நாலு பேரையும் ஹேவ்லாக்குக்குப் போட்டுருகேன். ஏறலன்னாலும் போன் அடிங்க. எல்லாத்தையும் கேன்சல் பண்ணிருகேன். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கேன்."

கபிரியேல் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அதைச் சம்மதம் என்று பிரிஜா எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கூட்டம். சபரிமலை சீசன் என்பதால் கறுப்பு வேட்டிகளே பாதி. கபிரியேலுக்கு முன்னால் ஒரு இடம் கிடைத்தது. அம்மாவும் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள். சுசீந்திரம் கோபுரம் கடந்து, வயல்கள் கடந்து, பஸ் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, இவ்வளவு நாளும் இப்படி ஒரு ஆசை இருக்குன்னு நீ சொல்லவே இல்லியே?"

"கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

"இப்ப கேக்கேன். போட்டுல ஏறணும், அவ்வளவுதானா?"

செசிலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அது பாதி."

"மீதி?"

"மீதி உனக்கில்ல. அவியளுக்கு."

"அப்போ அப்பாகிட்ட சொல்லு."

"சொல்லணும்" என்றாள் செசிலி. அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், அடுப்படியில், தனக்குத்தானே.

கபிரியேலிடம் கேட்க ஒரு விஷயம் அவளுக்கு உண்டு. அது மனத்தில் வந்து பல வருஷமாயிற்று. கடலுக்குப் புறப்படுகிறவனிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம். எப்போது வருவாய் என்று கேட்பதுகூடக் குற்றம். வந்து இறங்கியவன் இரண்டு நாள் தூங்குவான். விழித்ததும் பிள்ளைகள், கோயில் வரி, எஞ்சின் ரிப்பேர். அதற்குள் மறுபடி புறப்பாடு. கேட்க நேரமில்லாமல் போயிற்று என்று அவள் தனக்குச் சொல்லிக்கொள்வாள். கேட்டால் சிரிப்பாரோ என்ற பயம்தான் உண்மை.

படகுத்துறையில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. காலையில் கடல் கொஞ்சம் முரடாக இருந்ததால் நிறுத்தி வைத்திருந்த படகுகளை மத்தியானத்துக்குப் பிறகுதான் விட்டிருந்தார்கள். முன்னால் ஒரு குஜராத்திக் குடும்பம், டப்பாவிலிருந்து எதையோ எடுத்துத் தின்றுகொண்டே நகர்ந்தது. பின்னால் திருவனந்தபுரம் கல்லூரிப் பிள்ளைகள். செசிலி எல்லோருடைய சேலைக்கட்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரிஜா மூன்று டிக்கெட்டோடு வந்தாள்.

கபிரியேல் கடலைப் பார்த்தார். பிறகு வானத்தை. பிறகு, வந்து அணைகிற படகை, மாடு வாங்கப் போனவர் போல முன்னும் பின்னும் பார்த்தார்.

"போட்டு எப்படிப்பா?"

"கெட்டினவன் குறை வைக்கல."

"ஓட்டுறவரு?"

"ஓட்டத் தெரிஞ்சவன்தான். அணைக்கத் தெரியுது."

"அப்போ பயமில்லதானே?"

அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார்.

வாசலில் ஒருவர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை எடுத்து எடுத்து எல்லோர் கையிலும் திணித்துக்கொண்டிருந்தார். செசிலி ஒன்றை வாங்கினாள். தலைவழியாகப் போட்டால் கொண்டை தட்டியது. கையை நுழைத்தால் முந்தானை சிக்கியது. குஜராத்திப் பெண்மணி திரும்பி, தானாகவே முந்தானையை எடுத்துச் செருகிவிட்டாள். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் வழியில்லை.

"இந்த வாரு எங்க போவுது?" என்றாள் செசிலி.

கபிரியேலின் கை தன்னையறியாமல் நீண்டது. வாரை இழுத்துப் பூட்டினார். மறுபக்கம் இழுத்தார். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், நழுவுகிறதா என்று. வேலையைச் சரியாகவே செய்தார். செய்து முடித்துவிட்டு ஓரடி பின்னால் போய் அவளைப் பார்த்தார்.

"கழத்து" என்றார்.

"ஏன்?"

"கழத்துன்னு சொல்லுகேன். வா, வீட்டுக்குப் போவோம்."

"அப்பா, எல்லாரும் பாக்காங்க" என்றாள் பிரிஜா.

"பாக்கட்டு."

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை. பின்னாலிருந்த கல்லூரிப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போனார்கள். பிரிஜாவின் கைப்பையில் போன் அடித்தது. முருகதாஸாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

"அப்பா, உங்கம்மா சொன்னாங்கன்னு..."

"எங்கம்ம சொன்னது கெடக்கட்டு!" கபிரியேலின் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. அவர் மகளிடம் பேசினாலும் கண் செசிலியின் ஆரஞ்சுச் சட்டையில்தான் இருந்தது. "ஒக்கிப் புயல்ல நான் நடுக்கடல்ல கிடந்தது உனக்குத் தெரியுமா? எஞ்சின் நின்னாச்சு. வயர்லெஸ் போச்சு. அலை ஒவ்வொண்ணும் மாடி வீடு மாதிரி வருது. கூட இருந்தவன் எல்லாம் ஜெபமாலை சொல்லுகான். எனக்கு ஒரு மந்திரமும் வாயில வரல. இவ வீட்டு வாசல்ல நிக்கா, வாசல் லைட்டப் போட்டிருப்பா, அத மட்டும் நெனச்சுக்கிட்டே கிடந்தேன். வடக்க எது, தெக்க எதுன்னு ஒண்ணும் தெரியல. இவ நிக்க பக்கம் கரைன்னு கிடந்தேன்."

அப்பா இதைச் சொல்லிப் பிரிஜா கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை என்பது அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

"கரையில ஒரு ஆளு நிக்கணும், மக்கா. இவளும் தண்ணிக்குள்ள வந்துட்டா, நான் எந்தப் பக்கம் பாக்கது?"

வாசலில் நின்றவர், "ஏறுறவங்க சீக்கிரம் ஏறுங்க, இதான் கடைசி போட்டு" என்று சத்தம் போட்டார்.

செசிலி மிதவைச் சட்டையைக் கழற்றவில்லை. அதன் மேல் தொங்கிய தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொண்டாள். கைப்பையை மகளிடம் கொடுத்தாள். மூன்று டிக்கெட்டில் ஒன்றை மட்டும் பிரிஜாவின் விரல்களிலிருந்து உருவினாள்.

"அம்மா, நான் வாறேன்" என்றாள் பிரிஜா.

"வேண்டாம் மக்கா. நீ அப்பா கூட நில்லு."

அவள் கபிரியேலுக்கு முன்னால் வந்து நின்றாள். இவ்வளவு கிட்டத்தில், இத்தனை பேருக்கு நடுவில், அவர்கள் நின்றது கல்யாணத்தன்றுதான்.

"இஞ்ச பாருங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வருசக்கணக்கா வச்சிருக்கேன். நீங்க புறப்படும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். கேட்டதில்ல."

"என்னட்டி?"

"கரையில ஒரு ஆளு நிக்கணும்னா, இன்னைக்கு நீங்க நில்லுங்க. நான் கடலுக்குப் போய்ட்டு வாறேன். எப்போ வருவேன்னு என்கிட்ட கேக்காதீங்க. நான் திரும்பி வந்து இறங்குறது வரைக்கும், இந்த எடத்த விட்டு அசையாம, எனக்காகக் காத்து நிப்பியளா?"